முத்துவுக்கு, ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ பற்றி

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படியைப் பார்த்தால்தான் இன்னும் பயம்.

சரி, பாப்பாவின் வேலை விண்ணப்பத்தைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறாள், ‘ஸ்டெட்ஃபாஸ்ட் அட்டெண்டன்ஸ்’ என்று போட்டிருக்கிறாளே, அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றச் சொல். அங்கே ‘ரெகுலர்’ போதும்.

அகராதியில் ‘நிலையான, உறுதியான’ என்று பார்த்துவிட்டுப் போட்டிருப்பாள், அவள்மேல் தப்பில்லை. ஆனால் விடாமல் பெய்யும் மழைக்கும் மாதாமாதம் சம்பளம் வரும் வேலைக்கும் ‘ஸ்டெடி’ என்பார்கள், ஓயாத இரைச்சலுக்குக் ‘கான்ஸ்டன்ட்’. ஸ்டெட்ஃபாஸ்ட் என்றால் ஆளை அசைக்கப் பார்க்கிற ஏதோ ஒன்று எதிரில் இருக்க வேண்டும், அப்படியும் அவர் அசையக் கூடாது. தினமும் கல்லூரிக்குப் போய்வந்ததில் அது எங்கே இருக்கிறது? நீயும் தங்கையும் எத்தனை தடவை கூப்பிட்டும் ஊர் வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாரே உன் அம்மா, அதுதான் ‘ஸ்டெட்ஃபாஸ்ட் ரெஃப்யூசல்’. உனக்கு அது பிடிவாதமாகத் தெரியும், அதற்கு ‘ஸ்டப்பர்ன்’ இருக்கிறது. ஸ்டெட்ஃபாஸ்டில் கொஞ்சம் மரியாதை சேர்ந்திருக்கும்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டெடெ’ என்றால் இடம், ‘ஃபாஸ்ட்’ என்றால் கெட்டியான, அசையாத. நின்ற இடத்தை விடாதவன், அவ்வளவுதான். 991இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் மால்டன் என்ற ஊர்ப் பக்கத்தில், கடல்வழியே வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளோடு நடந்த சண்டையைப் பற்றிய பழைய பாட்டிலேயே, ஆங்கிலேய வீரர்கள் இப்படி நின்றார்கள் என்று இந்தச் சொல் வருகிறது. (அந்தச் சண்டையில் அவர்கள் தோற்றுப்போனார்கள், அது வேறு கதை.) ‘ஸ்டெடெ’வுக்கும் ‘ஸ்டாண்ட்’டுக்கும் ஒரே வேர், நம் ‘நில்’லும் ‘நிலை’யும் போல. ஃபாஸ்டுக்கு வேகம் என்ற பொருள் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. துணிக்கடையில் சாயம் போகாது, ‘ஃபாஸ்ட் கலர்’ என்கிறார்களே, அதில் இருப்பது பழைய பொருள். விரதத்துக்கு ஃபாஸ்ட் என்பதும் அதே குடும்பம்தான், விடாப்பிடியாகக் கடைப்பிடிப்பது. நாமும் விரதம் ‘இருக்கிறோம்’, பார்த்தாயா!

அந்தச் சொல் வேண்டும் என்று அவள் அடம்பிடித்தால், ‘கமிட்மெண்ட்’டுக்கு முன்னால் போட்டுக்கொள்ளட்டும். நேர்காணலில் ‘ஸ்டீட்’ என்று இழுக்காமல் ‘ஸ்டெட்’ என்று சொல்லச் சொல்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறாய்தானே? நானும் வருகிறேன். அம்மாவைக் கூட்டிவரும் பேச்சை மட்டும் என் முன்னால் எடுக்காதே, நான் அவர் கட்சி.

அன்புடன்,
ராஜு