கதாநாயகிக்கு எப்போது தெரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்புகளில் வரும் தொடர்கதைகளில் ஒரு வகைக்கு இப்போது நல்ல வரவேற்பு. ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஏழைப் பெண், கொடுமைக்காரச் சித்தி, விசைப்படகு முதலாளியின் மகன், நடுவில் ஒரு திருவிழா இரவு. சிண்ட்ரெல்லா கதைதான். காலத்துக்கு ஏற்ப மாப்பிள்ளை வீட்டுப் பணத்தில் மட்டும் கறை இருக்கும். கடல் அட்டை, பீடி இலை, மஞ்சள் என்று ஏதோ ஒன்று இரவோடு இரவாக இலங்கைக்குப் போகும். நல்ல களம். ஆனால் கதாநாயகிக்கு இந்த விஷயம் தெரியவருவது தொடர் முடிய இரண்டு வாரம் இருக்கும்போதுதான். அதிர்ச்சியடைகிறாள், அழுகிறாள், அவன் திருந்துகிறான், சுபம்.

அவள் மேல் பழி விழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் எழுத்தாளர் அவளுக்கு எதையுமே தெரியவிடாமல் பார்த்துக்கொள்கிறார். பாத்திரம் படுத்துவிடுவது அங்கேதான். தெரியாமல் ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு நோக்கம் என்று என்ன இருக்க முடியும்? அவளுக்கு நேர்ந்தது விபத்து, அவ்வளவுதான்.

முதலில், தெரியாமல் இருக்கத்தான் முடியுமா? கடல் அட்டை என்பது கடலடியில் கிடக்கும் ஓர் உயிர், பிடிக்கவே தடை. பொட்டலமாக வந்து பொட்டலமாகப் போகிற சாமான் இல்லை. பிடித்ததும் வயிற்றைக் கீறிக் குடலை எடுக்க வேண்டும். அண்டாவில் போட்டு வேகவைக்க வேண்டும். வெள்ளை அட்டையின் மேல்தோலில் சுண்ணாம்பு போல ஒரு படிவு இருக்கும். அதைப் போக்க, வெந்ததை ஈர மணலில் புதைத்து வைத்து, மறுநாள் தோண்டியெடுத்து, தேய்த்துக் கழுவி, இன்னொரு முறை வேகவைத்து, பிறகு நாள்கணக்கில் வெயிலில் போட வேண்டும். நன்றாகக் காய்ந்தால் கல் மாதிரி இறுகி, எடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அரைகுறையாகக் காய்ந்தால் புழுங்கி நாறி, மூட்டையே வீணாகும். ஆக விறகு வேண்டும், குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும், ஆள் வேண்டும், மறைவான தோப்பு வேண்டும், அந்த நாற்றத்தையும் சகிக்க வேண்டும். அந்தத் தோப்புக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெண்ணுக்கு முப்பது வாரமும் ஜலதோஷம் என்று வாசகர் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

தெரிந்தே இருக்கட்டும். இருபது அத்தியாயத் தொடர் என்றால் ஐந்தாவதிலேயே, கல்யாணப் பேச்சுக்கு முன்பே, தெரிந்துவிடட்டும். மீதிப் பதினைந்துக்கும் அப்போதுதான் வேலை இருக்கும்.

இப்படிச் சொன்னால், கதாநாயகி கெட்டவளாகிவிட மாட்டாளா என்று கேட்பார்கள். சிண்ட்ரெல்லா ஆதியிலேயே அப்படியொன்றும் பால்மணம் மாறாதவள் இல்லை. இத்தாலியில் ஜியாம்பத்திஸ்தா பசீலே எழுதி, அவர் இறந்தபின் 1634 தொடங்கி அச்சேறிய கதைகளில் அவள் பெயர் செசொல்லா. தாதி சொல்லிக்கொடுத்தபடி, பெட்டிக்குள் குனிந்து துணி தேடும் மாற்றாந்தாயின் கழுத்தில் மூடியைப் போட்டுக் கொல்கிறாள். பிறகு அந்தத் தாதியே அப்பாவைக் கட்டிக்கொண்டு, தன் ஆறு பெண்களை வீட்டுக்குள் கொண்டுவந்து, இவளை அடுப்படிக்குத் தள்ளுகிறாள். செய்த வினை வீட்டுக்குள்ளேயே திரும்பி வருகிறது. அந்தக் கதைக்கு விறுவிறுப்பு அங்கிருந்துதான். கண்ணாடிச் செருப்பும் பூசணி வண்டியுமாக அவளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தவர் 1697இல் பிரான்சின் பெரோ. நம்மவர்கள் அந்தக் குளிப்பாட்டிய பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ராமநாதபுரம் கரையில் கறையை வெளியே தேடவும் தேவையில்லை. கடல் பாசி எடுக்கப் போகும் பெண்ணாகக் கதாநாயகியைக் காட்டுகிறார்கள். சரியான தேர்வு. ஆனால் அந்த வேலை சட்டத்தின் முன் எங்கே நிற்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் வரிசையாக இருக்கும் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் கிடைப்பது அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகக்கண்ணாடி போட்டு, மூச்சைப் பிடித்து மூழ்கிப் பிய்த்தெடுக்கும் பெண்ணுக்கு வனத்துறைப் படகின் சத்தம் கேட்டால் அடிவயிறு கலங்கும். சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் பேசி, மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டதெல்லாம் கடல் அழியக்கூடாது என்ற கவலையோடு, இந்த நெருக்கடியும் சேர்ந்துதான்.

கடல் அட்டையை 2001இல் தடை செய்ததும், தீவுகளைப் பூங்காவாக்கிய அதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் கீழ்தான். அதற்கு முன்பு அது ஊரறிந்த வியாபாரம், ஏற்றுமதிச் சரக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் வாங்கினால் இன்றும் பிடிக்கலாம். இங்கே பிடிபட்டால் குறைந்தது 3 ஆண்டு, மேலே 7 ஆண்டு சிறை. மாமனார் தன் தகப்பன் பகலில் செய்த தொழிலை இரவில் செய்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். மீசை முறுக்குகிற வில்லனைவிட இது எழுதச் சிரமமான மனிதர். வாசிக்க நன்றாக இருப்பவர். பெண் கேட்டு வரும்போது, "நீயும் அந்தத் தீவுக்குப் போறவதானத்தா?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? சொல்ல அவளுக்குப் பதில் இருக்கிறது. இவள் எடுப்பது ஒரு சாக்கு, அங்கே போவது படகு நிறைய. ஆனால் அந்தப் பதிலை அவள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நோக்கம் என்பது இப்படித்தான் உருவாகிறது.

அடுத்தது கடன். "ஏழை" என்ற ஒரு சொல்லோடு எல்லாரும் நிறுத்திக்கொள்கிறார்கள். ஏழ்மைக்கு இந்தக் கரையில் நோட்டுப் போட்டுக் கணக்கு உண்டு. அப்பாவின் வல்லத்துக்கு, அதாவது நாட்டுப்படகுக்கு, இன்ஜின் வாங்க, மீன் எடுக்கும் கம்பெனிக்காரரிடம் 2 லட்சம் முன்பணம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். வட்டி என்று தனியாக ஒரு பைசா கிடையாது. பிடிக்கிற நண்டு, கணவாய் எல்லாவற்றையும் அவரிடமே போட வேண்டும். வெளிவிலையைவிடக் கிலோவுக்கு 40 ரூபாய் குறைத்து எடுத்துக்கொள்வார் என்று கொள்வோம். நாள் ஒன்றுக்கு 10 கிலோ, மாதத்தில் 15 நாள் தொழில் என்றால் மாதம் 6,000, வருடத்துக்கு 72,000. கணக்குப் போட்டால் நூற்றுக்கு 36 வட்டி. அசலில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. வேறு வியாபாரிக்குப் போட வேண்டுமானால் 2 லட்சத்தையும் ஒரே தவணையாக எண்ணி வைக்க வேண்டும்.

கம்பெனிக்காரரின் மகன்தான் மாப்பிள்ளை என்றால், கல்யாணம் பேசும்போது அந்த 2 லட்சம் என்ன ஆகிறது? எந்தத் தொடரிலும் இதற்கு ஒரு வரி கிடையாது. தள்ளுபடி செய்தால் அது பெண்ணுக்குக் கொடுத்த விலை என்று ஊர் பேசும். தள்ளாவிட்டால் சம்பந்தி கடன்காரனாகவே வாசலில் நிற்பார். பெண்ணின் தம்பி அந்த வீட்டுப் படகிலேயே கூலிக்குப் போகிறவனாக இருந்தால் இன்னும் சிக்கல். இந்த மூன்றில் எது அவளை அதிகம் அழுத்துகிறது என்று முடிவு செய்துவிட்டால், சம்மதம் சொல்லும் காட்சி தன்னால் எழுதிக்கொள்ளும். அவனைப் பிடித்திருப்பதையும் கடன் தீருவதையும் தனித்தனி அத்தியாயத்தில் வைக்கக் கூடாது. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே பேச்சில் வர வேண்டும். எது முதலில் வருகிறது என்று அவளுக்கே பிடிபடக் கூடாது.

கல்யாணத்துக்குப் பிறகு வர வேண்டிய காட்சி ஒன்று எல்லாத் தொடரிலும் விடுபட்டுப்போகிறது. மருமகளாகி வந்த வீட்டின் முன்கொட்டகையில் தராசு இருக்கிறது. மாமனார் ராமநாதபுரம் போயிருக்கிறார். பழைய பக்கத்து வீட்டுக்காரி நண்டுக் கூடையோடு வந்து நிற்கிறாள். எடை போட்டு நோட்டில் எழுத வேண்டியது இவள். "எம்புட்டு மதினி போட்டிருக்க?" என்று அவள் கேட்கிறாள். 40 ரூபாயைக் குறைத்து எழுதினால் நேற்றுவரை தன் வீட்டில் விழுந்த அடி இன்று தன் கையிலிருந்து விழுகிறது. குறைக்காமல் எழுதினால் சாயங்காலம் நோட்டைப் பார்க்கும் மாமனாருக்குப் பதில் சொல்ல வேண்டும், நாளைக்கு நாற்பது பேர் அதே விலை கேட்பார்கள். கடத்தலைவிட இந்தத் தராசுதான் அவள் யார் என்று காட்டும். இதில் துப்பாக்கியும் இல்லை, துரத்தலும் இல்லை. அரைப் பக்கம் போதும்.

அவளுக்கு வேறு போக்கிடமே இல்லை என்று காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. கரையில் பாசி வளர்ப்பு இருக்கிறது. பெப்சி பாசி என்றுதான் இங்கே பெயர். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 60 கிலோ விதைப்பாசி, 45 நாளில் அறுப்பு. எல்லாம் கூடிவந்தால் விதைத்ததைப்போல நாலு மடங்கு. காற்று மாறினால் மிதவை உடையும், தண்ணீர் சூடேறினால் பாசி வெளுத்து உதிரும், மீன் மேய்ந்துவிடும், லாபம் நிச்சயமில்லை. ஆனாலும் மகளிர் குழுக் கடனில் நாலைந்து மிதவை கட்டிப் பிழைக்கலாம் என்ற ஒரு வழி இருக்கிறது. அந்த வழி கதையில் இருந்து, அவள் அதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கல்யாணத்துக்குத் தலையாட்ட வேண்டும். அப்போதுதான் அது அவள் முடிவு. எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு ஒரே கதவைத் திறந்துவைத்தால் அதில் நுழைந்தவளை எப்படிக் கேள்வி கேட்பது?

கதாநாயகன் பக்கம் வருவோம். வரதட்சிணை வேண்டாம் என்று இவளைத் தேடி வருகிறானே, ஏன்? அழகு, நல்ல குணம் என்ற விடைகள் முதல் அத்தியாயத்துக்குத்தான் தாங்கும். அவன் தேடுவது சந்தேகப் பட்டியலில் இல்லாத ஒரு பெயராக இருக்கலாம். கல்யாணம் ஆன மூன்றாம் மாதம், புதுப் படகை அவள் பேரில் பதிவு செய்து பரிசாகக் கொடுக்கிறான். அவளும் மகிழ்ந்துபோகிறாள். அந்தப் படகு அட்டையோடு பிடிபட்டால் பறிமுதல் ஆகும், வழக்கில் உரிமையாளர் பெயரும் ஏறும். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்தால் ஆவணத்தோடு உரிமையாளரே மன்னார் அல்லது ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நேரில் நிற்க வேண்டும். போகாவிட்டால் படகு அவர்கள் அரசுக்குப் போய்விடும். காதலோடுதான் கொடுத்தானா, தன் கழுத்தைத் தப்பிக்க வைக்கக் கொடுத்தானா? இரண்டும்தான் என்று எழுதத் துணிகிறவர் கையில் இந்தப் பாத்திரம் உயிரோடு இருக்கும்.

அவன் திருந்துவதும் ஒரே பத்தியில் நடக்கக் கூடாது. தொழிலை விட்டுவிட்டேன் என்று அவன் அறிவித்த மறுநாள், அவனுக்காக உள்ளே இருக்கும் இரண்டு படகுக்காரர்களின் வீட்டுக்கு அரிசிப் பணம் யார் கொடுப்பது? வக்கீல் செலவு யாருடையது? அவன் நல்லவனாவதற்கான செலவு வேறு இரண்டு வீட்டின் அடுப்பில் விழுகிறது. அந்த வீட்டுப் பெண்களில் ஒருத்தி வந்து கதாநாயகியின் முகத்துக்கு நேரே கேட்கட்டும். பதில் சொல்லத் திணறட்டும் அவள்.

சித்தியைப் பற்றி நீட்ட வேண்டாம். அவள் பெற்ற பெண்ணுக்கும் பவுன் சேர்க்க வேண்டியிருக்கிறது, வீட்டில் வருவது ஒரே பாசிக்காசு, நகை அடகுக்கடையில். இவ்வளவு போதும். கிரிம் சகோதரர்களின் சிண்ட்ரெல்லா கதையில், செருப்புக்குள் கால் நுழைய விரலை வெட்டிக்கொள் என்று மகளிடம் கத்தியை நீட்டும் தாய், ராணியாகிவிட்டால் உனக்கு நடக்கிற வேலையே இல்லை என்கிறாள். கொடுமைதான், ஆனால் கணக்குப் பார்த்த கொடுமை. வெறும் சூடு வைக்கிற சித்திகளைப் படித்துச் சலித்துவிட்டது.

பணத்தோடு சாதியும் மதமும் இந்தக் கரையில் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கும் என்பதை ஒரு தொடரும் தொடுவதில்லை. பத்திரிகைகளின் தயக்கம் புரிகிறது. ஆனால் ஒரே தெருவுக்குள் அந்தஸ்து வித்தியாசம் மட்டும் இருப்பதாக எழுதினால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம், இதற்குச் செலவே இல்லை. இப்போது வரும் ஒரு தொடரில் மே மாதத்தில் கதாநாயகன் விசைப்படகில் ராமேஸ்வரத்திலிருந்து தொழிலுக்குப் போகிறான், அதுவும் தினமும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகுதான் போகலாம். மற்ற மாதங்களிலும் பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாலு நாள் நாட்டுப்படகுக்கு. தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். முதலாளி மகன் வேலையைப் பார்க்கிறேன் என்று நாளெல்லாம் கரையில் நிற்பான். பெண்ணின் அப்பா வல்லத்தில் கடலுக்குப் போயிருப்பார். அவனும் கதாநாயகியும் சந்தித்துப் பேச எழுத்தாளருக்கு அதைவிட வசதியான மாதம் கிடைக்காது. அடுத்த வாரமே படகைக் கரையேற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழக்கரை.