வரலாற்று வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நாம் வாசிப்புக்கு எடுத்துக்கொண்ட பொருள் வளைவாள். 'இதில் பேச அப்படி என்ன இருக்கிறது?' என்று கேட்டவர்கள்தான் கடைசிக் கூட்டம் வரை விடாமல் வந்தார்கள். அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

முதல் கூட்டத்திலேயே வாக்குவாதம். சிலுவைப் போர்ப் படம் என்றால் முஸ்லிம் படைகளை நடத்திய சுல்தான் சலாதீன் கையில் பிறைபோல வளைந்த வாளைக் கொடுத்துவிடுவது ஓவியர்களின் வழக்கம். ஆனால் அவர் காலத்து அரபு வாள்கள் பெரும்பாலும் நேரானவை. வளைவு வந்தது யூரேசியப் புல்வெளியின் குதிரை வீரர்களிடமிருந்து. 13-ஆம் நூற்றாண்டு மங்கோலியப் படையெடுப்புக்குப் பிறகுதான் அது மேற்கு ஆசியாவில் பரவலாக வேரூன்றியது. ஓடும் குதிரையிலிருந்து வெட்டினால் வளைந்த அலகு வழுக்கிக்கொண்டே அறுத்துச் செல்லும். குத்துவதற்கு நேர்வாளே மேல் என்று பொருளாளர் கடைசிவரை விடவில்லை. பிரிட்டிஷ் குதிரைப்படையே 1908-இல் குத்துவதற்கான நேர்வாளுக்கு மாறியது என்பதால் நாங்களும் அவரை முழுக்க மறுக்க முடியவில்லை.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனைக் கருவூலத்தில் உள்ள 'சார்லமேனின் வாள்'. மேற்கு ஐரோப்பாவை ஆண்ட பேரரசர் சார்லமேன் 814-இல் இறந்துவிட்டார். வாளோ 900-ஐ ஒட்டிய காலத்தது, ஹங்கேரிய வேலைப்பாடு. அந்த ஹங்கேரியர் 10-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய நாடுகளைச் சூறையாடியவர்கள். அவர்களுடைய வாள் பின்னாளில் புனித ரோமப் பேரரசின் முடிசூட்டுப் பொருள்களோடு சேர்ந்து, பேரரசர் பெயரையும் வாங்கிக்கொண்டது! இந்த ஆண்டு கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஷம்ஷீர் என்ற பாரசீக வளைவாள் பற்றிய கூட்டத்தில் நம் பக்கத்துச் சரக்கும் வந்தது. தென்னிந்தியாவில் மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலத்தில்) உருக்கிய எஃகு கட்டிகளாகப் பாரசீகம் போய், அங்கே அலகாக அடிக்கப்பட்டது. துருக்கியரின் வளைவாளான கிலிஜ், நுனியருகே அகன்று வெட்டுக்குக் கனம் கூட்டும். நம் நாட்டு வளைவாளான தல்வாரைக் கைப்பிடி முனையிலுள்ள வட்டத் தட்டை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

போலந்துக்கு வளைவாள் ஹங்கேரி வழியாகப் போனது. 1576-இல் அங்கே முடிசூடிய ஸ்டீபன் பாத்தோரி ஹங்கேரியர் என்பதால் அந்த மோகம் இன்னும் கூடியது. அப்புறம் இங்கிலாந்து: பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரி லெ மார்ஷான் வடிவமைத்த 1796 மாதிரி இலகு குதிரைப்படை வாளைப் பிரஷ்யர்களும் பின்பற்றினார்கள். அவர் 1812-இல் ஸ்பெயினின் சலமங்கா போரில் மாண்டார்.

நிறைவுக் கூட்டத்துக்கு இளையவர்கள் வந்ததற்குக் காரணம் சென்னையின் பவானி தேவி. 2021-இல் டோக்கியோவில், ஒலிம்பிக் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியரான அவர் ஆடியது சேபர் பிரிவு; ஆங்கிலத்தில் வளைவாளுக்குப் பெயரே சேபர்தான். அந்தப் போட்டி வாளில் வளைவு ஏறக்குறைய இல்லை என்று தெரிந்ததும் பொருளாளர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வரவு செலவுக் கணக்கை அவரே படிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிட்டால் மண்டப வாடகையைச் சமாளிக்கலாம். அடுத்த ஆண்டுக்கு வில், திசைகாட்டி என இரண்டு யோசனைகள் வந்துள்ளன. தேநீருக்குப் பிறகு கை உயர்த்தி முடிவு செய்யலாம். இந்த அறிக்கையை அவை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்