சேகருக்கு, அந்த ஹெட்செட் பற்றி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மூர்த்தி வழக்கம்போல் கடன் கேட்டான், நான் வழக்கம்போல் கொடுக்கவில்லை. மற்றதெல்லாம் நேரில். நீ கேட்டதற்கு வருகிறேன்.

உன் அக்கா மகளுக்கு, நடக்கிற சிகிச்சையோடு விஆர் தெரபியும் சேர்த்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். கண்ணை மூடுகிற ஹெட்செட் பெட்டியை மாட்டி, கம்ப்யூட்டர் போடுகிற காட்சிக்குள் ஆளை நிறுத்திச் செய்கிற சிகிச்சை அது. நான் அதைச் செய்துகொண்டவன் என்று தங்கம் உன்னிடம் சொல்லிவிட்டான். அவனிடம் ரகசியம் சொல்வதும் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்றுதான். போகட்டும், எப்படியும் உன்னிடம் சொல்லியிருப்பேன்.

ஆமாம்டா, குண்டோதரனுக்குத்தான். மெஸ்ஸில் நீங்கள் பந்தயம் கட்டிச் சிரித்தது எல்லோர் முன்னாலும் நான் சாப்பிட்டதைப் பார்த்து. வியாதி இருந்தது யாரும் இல்லாதபோது சாப்பிட்டதில். வயிறு நிறைந்த பிறகும், ருசிகூடத் தெரியாத வேகத்தில், நிறுத்த முடியாமல். முடிந்ததும் வருகிற அருவருப்பை எழுத வராது. இதற்கு பிஞ்ச் ஈட்டிங் என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013-இல்தான் தனி நோயாக ஏறியது. அதாவது நாம் படித்த காலத்தில் இதற்கு உங்கள் பட்டப்பெயர் மட்டும்தான் இருந்தது.

பேச்சு சிகிச்சையில் பாதி சரியாயிற்று. வேளாவேளைக்குச் சாப்பிடப் பழகினேன், பகல் என் கைக்குள் வந்தது. ராத்திரி வரவில்லை. அதற்குத்தான் இது.

முதலில் ஹெட்செட் இல்லை, கேள்விகள்தான். எந்தப் பண்டம் அதிகமாக இழுக்கிறது, எந்த இடத்தில், எந்த நேரத்தில், மனம் எப்படி இருக்கும்போது. லேசானதிலிருந்து கடினமானது வரை வரிசை போட்டார்கள். என் வரிசையின் உச்சியில் இருந்தது ராத்திரி, சமையலறை, தனிமை, கேக்.

மூக்குக்கண்ணாடியோடு அந்தப் பெட்டியை மாட்டுவது ஒரு கூத்து. மாட்டியதும் சமையலறைக்குள் நிற்கிறாய். மேஜைமேல் கேக். என்ன மட்டமான கேக் தெரியுமா? விளக்கு ஒரு பக்கம், நிழல் வேறு ஏதோ பக்கம். வாசனை கிடையாது. மூக்குப் பக்கத்து இடுக்கு வழியாகக் கீழே பார்த்தால் ஆஸ்பத்திரித் தரையும் என் செருப்பும் தெரிகின்றன. சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாயில் எச்சில் ஊறியது. அப்புறம் நெஞ்சு படபடப்பு. பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தது, உடம்பு அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"இப்போது எவ்வளவு?" என்று அந்தச் சமையலறைக்குள்ளேயே சைக்காலஜிஸ்ட் அம்மாவின் குரல். தின்னவேண்டும் என்ற வெறி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் சொல்லவேண்டும். எண்பது என்றேன். "சரி, அப்படியே இருங்கள்." அவ்வளவுதான் வேலை. கேக்கைக் கையில் எடுக்கலாம், திருப்பலாம், முகத்தருகே கொண்டுவரலாம். தின்ன முடியாது, அங்கிருந்து ஓடவும் கூடாது. நடுநடுவே மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்பார், எண் கேட்பார். எண் ஏறியது, நின்றது, பிறகு தானாகவே இறங்கியது. யாரும் இறக்கவில்லை, நானும் பல்லைக் கடித்து அடக்கவில்லை.

இத்தனை வயது வரைக்கும் எனக்குத் தெரிந்தது இரண்டே வழி: தின்றுவிடு, இல்லையென்றால் அந்த இடத்தைவிட்டு ஓடு. எதுவும் செய்யாமல் நின்றால் அந்த வெறி தானே வடியும் என்பதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இதைப் பட்டினி என்று நினைத்துவிடாதே. பட்டினி கிடந்தால் வெறி கூடத்தான் செய்யும். கேக்கைப் பார்த்தால் வெறி, வெறி வந்தால் தின்றாக வேண்டும் என்று மூளை போட்டுவைத்த முடிச்சைத்தான் அங்கே அவிழ்க்கிறார்கள்.

நீ கணக்குப் பிள்ளை, எண் கேட்பாய். பார்சிலோனா பல்கலைக்கழக ஆட்கள், வழக்கமான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பார்க்கிற பேச்சு சிகிச்சை) எடுத்தும் முழுதாகக் குணமாகாத 64 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த விஆர், மறு பாதிக்கு அதே பழைய சிகிச்சையைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளிவந்தது. அடங்காத தீனி அறவே நின்றது விஆர் பக்கம் 53 சதவீதம், மறுபக்கம் 25. நல்ல வித்தியாசம்தான். ஆனால் விஆர் பக்கத்திலும் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு நிற்கவில்லை, அதையும் பார்த்துக்கொள். எனக்கு ராத்திரிகள் பெரும்பாலும் நல்லபடி போகின்றன. பெரும்பாலும்.

குறைகள்? தலைசுற்றல், குமட்டல். நெற்றியில் வியர்த்துப் பெட்டி வழுக்கும். ஹெட்செட்டுக்குள்ளேயே முகம் பார்க்கும் கண்ணாடி முன் நிற்கிற பயிற்சியில் எனக்கு முதலில் வந்த உருவம் ஒரு பெண்! ஆண் உருவம் தேடி எடுக்க அவர்கள் பட்ட பாடு. இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் பெண்கள்தான், எங்களுக்கும் வரும் என்று பலருக்கு நினைவே இல்லை.

இனி உன் அக்கா மகள் விஷயம். விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். என்னுடையது வேறு, அவளுடையது வேறு. அவளுக்கு அனோரெக்சியா, பருத்துவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து உடம்பு மெலிந்துபோகிற நோய். கதவு வழியாக ஒருக்களித்து நுழைகிறாள், நடிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நெதர்லாந்தில் உட்ரெக்டில் இதையே சோதித்திருக்கிறார்கள், 2013-இல். வெவ்வேறு அகல இடைவெளிகள் வழியாக நடக்கச் சொன்னார்கள், எதற்கு என்று சொல்லவில்லை. மற்றவர்கள் தங்கள் தோளைவிட 25 சதவீதம் அகலமான இடைவெளிக்குத் தோளைத் திருப்ப ஆரம்பித்தார்கள் என்றால், அனோரெக்சியா உள்ளவர்கள் 40 சதவீதம் அகலமாக இருந்தபோதே திருப்பினார்கள். தெரிந்து செய்வதில்லை சேகர். தன் உடம்பு அவ்வளவு பெரிது என்று அவள் கால்களே நம்புகின்றன.

அதே ஆட்கள் 2016-இல் ஹெட்செட்டை வைத்து இன்னொன்று செய்தார்கள். குனிந்தால் தெரிவது சராசரி அளவுள்ள வேறொரு உடம்பு. அதன் வயிற்றைத் தூரிகையால் தடவும் அதே கணத்தில் இவர்களின் நிஜ வயிற்றையும் தடவினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த உடம்பு தன்னுடையதுபோல் தோன்றிவிடுகிறது. அப்புறம் தங்கள் உடம்பின் அளவைக் கேட்டால், நோயாளிகள் முன்புபோல் அவ்வளவு கூட்டிச் சொல்வதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேலும் அந்த மாற்றம் இருந்தது. ஆனால் அளவைத் திருத்தினால் தீர்ந்தது என்று எண்ணிவிடாதே. ஜெர்மனியில் டூபிங்கனில் அவரவர் உடம்பையே ஸ்கேன் செய்து விஆரில் அச்சு அசலாகக் காட்டியபோது, நோயாளிகள் தங்கள் உருவத்தைக் கணிப்பதில் மற்றவர்களைவிட மோசமில்லை. இன்னும் மெலிய வேண்டும் என்ற ஆசைதான் வேறாக இருந்தது. ஆகவே கண்ணாடி முன் நிறுத்துகிற பயிற்சி என்றால், பக்கத்தில் கூடவே இருப்பது யார், அவள் போதும் என்றால் உடனே நிறுத்துவார்களா, முன்கூட்டியே சொல்லித்தான் காட்டுவார்களா என்று கேள். இதயமும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறதா என்பது இதற்கெல்லாம் முன்னால். கடையில் ஒரு ஹெட்செட் வாங்கி ஏதோ ஆப்பைப் போட்டு வீட்டிலேயே செய்துவிடலாம் என்ற யோசனை உனக்கு இந்நேரம் வந்திருக்கும். வேண்டாம்.

இன்னொன்று, நீ போய்ப் பார்க்கும்போது "நல்லா தேறிட்டியே" என்று ஆரம்பிக்காதே. உனக்கு அது பாராட்டு, அவளுக்கு அது பருத்துவிட்டாய் என்ற தீர்ப்பு. படிப்பைப் பற்றிப் பேசு, சண்டை போடு, உன் வழக்கமான மொக்கை ஜோக்கைக்கூடச் சொல்லு. உடம்பைப் பற்றிய பேச்சை எடுக்காதே, தட்டையும் பார்க்காதே.

அவளுக்கு விருப்பமிருந்தால் என்னிடம் பேசட்டும், ராத்திரி எட்டுக்கு மேல் சௌகரியம். நீ வற்புறுத்தாதே. அக்காவிடம் இதெல்லாம் நீயே தேடிப் படித்ததாகச் சொல்லிக்கொள். உனக்கும் வீட்டில் கொஞ்சம் மதிப்பு வரட்டும்.

அன்புடன்,
ரகு