விட்டுவந்த காரைத் திருப்பிக் கொண்டுவருவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்பேசிச் செயலியால் காரைத் திறந்து, நாமே ஓட்டிச் சென்று, சேருமிடத்திலேயே விட்டுவிட்டுப் போகும் ஒருவழிக் கார் சேவைகள் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சேலம் போன்ற ஊர்களுக்கும் இது வர வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால், ஏற்காடு செல்லும் சுற்றுலாப் பயணிகளை நம்பி இதைத் தொடங்கலாம் என்ற அவருடைய யோசனை நடைமுறைக்கு ஒத்துவராது என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

என் மகள் ஜெர்மனியின் மியூனிக் நகரில் படித்துக்கொண்டிருந்தபோது, 2015-இல் ஒரு மாதம் அவளுடன் தங்கியிருந்தேன். பி.எம்.டபிள்யூ நிறுவனமும் சிக்ஸ்ட் என்ற வாடகைக் கார் நிறுவனமும் சேர்ந்து 2011-இல் அங்கே தொடங்கிய டிரைவ்நவ் சேவையில் அவள் உறுப்பினர். நிமிடக் கணக்கில் வாடகை. எரிபொருளும் தெருவோர நிறுத்தக் கட்டணமும் அதற்குள்ளேயே அடக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே உள்ள ஏரிக்கரை ஒன்றுக்கு அந்தக் காரிலேயே போனோம். வாடகையை அங்கே முடித்துக்கொண்டு ரயிலில் திரும்பலாம் என்றேன், முடியாது என்றாள். விமான நிலையம் போன்ற ஓரிரு இடங்கள் நீங்கலாக, நகருக்குள் வரையறுத்த எல்லைக்குள் கொண்டுவந்து நிறுத்தினால்தான் கணக்கு முடியுமாம். நாங்கள் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்துக்கும் சேர்த்தே வாடகை ஓடியது. ஒருவழி என்ற சொல்லுக்குள் இப்படி ஒரு வேலி இருப்பதைக் கட்டுரையாளர் குறிப்பிடவில்லை.

அந்த வேலிக்குக் காரணம் உண்டு. எந்த இடத்தில் கார்கள் வந்து சேர்கின்றனவோ அதே இடத்திலிருந்து வேறு ஆட்கள் அவற்றை எடுத்துச் சென்றால்தான் இத்தொழில் ஓடும். இல்லையென்றால் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து, தேங்கிய கார்களைத் தேவையுள்ள இடத்துக்கு நகர்த்த வேண்டும். 2008-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் டைம்லர் கார் நிறுவனம் தொடங்கிய இதே வகைச் சேவையான கார்டுகோவும், டிரைவ்நவ்வும் 2019-இல் ஷேர்நவ் என்று ஒன்றான பின்னும், 2020 தொடக்கத்தில் வட அமெரிக்காவை விட்டே வெளியேற நேர்ந்தது. பாரிஸ் நகரின் ஆட்டோலிப் மின்கார்த் திட்டம் 2011 முதல் 2018 வரை நடந்து, நட்டத்தை யார் ஏற்பது என்ற சச்சரவில் மூடப்பட்டது. அத்தனை பெரிய ஊர்களிலேயே இந்த நிலை.

இப்போது ஏற்காட்டை எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமை காலையில் எல்லோரும் மேலே ஏறுவார்கள், ஞாயிறு மாலையில் எல்லோரும் கீழே இறங்குவார்கள். வாரநாட்களில் ஏரியருகே விட்ட காரை எடுக்க ஆள் இருக்காது. சனிக்கிழமை பிற்பகலில் அடிவாரத்தில் ஒரு கார்கூட மிஞ்சாது. சென்ற ஆண்டு ஜங்ஷனிலிருந்து ஏற்காட்டுக்குக் கால் டாக்ஸியில் சென்றபோது, வண்டி காலியாகத் திரும்ப வேண்டும் என்று சொல்லிப் போகவர வாடகை வாங்கினார்கள். அன்று மனம் வருந்தினேன் என்றாலும், அந்தக் கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓட்டுநரை நீக்கிவிடுவதால் மட்டும் காலியாகத் திரும்பும் பயணத்தின் செலவு நீங்கிவிடாது.

செலவைவிட என்னை அஞ்ச வைப்பது நிமிடக் கட்டணம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில், மலைச்சாலை பழகாத ஒருவர், கண்ணெதிரே கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்போது எப்படி ஓட்டுவார்? அகலம் குறைந்த மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட்டு நிற்க வேண்டும் என்பது விதி. நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு என்றால் நிற்க மனம் வருமா? பனிமூட்டத்திலும், கோடை விழா நெரிசலிலும் பொறுமைதான் உயிரைக் காப்பது. மலைக்கு இச்சேவை வந்தே தீரும் என்றால், நிமிடக் கணக்கை அடியோடு விலக்கி, நாள் வாடகை மட்டுமே வைக்க வேண்டும்.

சேலம் நகருக்குள் நிலைமை வேறு. ஜங்ஷன் ரயில் நிலையம் சூரமங்கலத்தில் இருக்கிறது. அம்மாபேட்டைக்காரருக்கு அது ஊரின் மறு கோடி. இரவு ரயிலுக்குப் புறப்படுபவர் காரை நிலையத்தில் விட்டுச் செல்வார். விடிவதற்குள் சென்னையிலிருந்து வந்து இறங்குபவர் அதே காரை எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்வார். அந்த நேரத்தில் ஆட்டோவுக்குப் பேரம் பேசிக் களைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஜங்ஷன், புதிய பேருந்து நிலையம், ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என ஆறு இடங்களில் குறித்த நிறுத்தம் அமைத்து, ஒரு நிறுத்தத்தில் எடுத்து இன்னொரு நிறுத்தத்தில் விடும் முறையில் தொடங்கினால் போதும். கண்ட தெருவில் விடலாம் என்பது எங்கள் சின்னக்கடை வீதியின் நெரிசலைப் பார்த்திராதவர்கள் பேசும் பேச்சு.

சட்டத்திலும் ஒரு தடை இருக்கிறது. கார்களை ஓட்டுநரின்றி வாடகைக்கு விட, 1989-ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டம் குறைந்தது 50 கார்களையும், அவற்றில் பாதியேனும் குளிர்சாதன வசதியுள்ளவையாக இருப்பதையும் நிபந்தனையாக வைத்தது. இருசக்கர வாகனங்களுக்கான 1997-ஆம் ஆண்டுத் திட்டம் கேட்டதோ ஐந்தே வண்டிகள். உள்ளூர் டிராவல்ஸ்காரர் ஒருவர் பத்துக் கார்களுடன் முயன்று பார்க்க இந்த நிபந்தனை இடம் தராது. பெருநிறுவனம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சிறு நகரங்களுக்கு இந்த எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று தங்கள் இதழ் எழுதினால் பயனுண்டு.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். ஞாயிறு இரவு ஏற்காட்டில் கார் கிடைக்காமல் நிற்பவருக்கும், செவ்வாய்க்கிழமை அங்கே கேட்பாரற்று நிற்கும் காருக்கும் என்ன வழி என்பதைக் கட்டுரையாளர் அதில் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் துறை ஊழியர் ஒருவர்,
அழகாபுரம், சேலம்.