பெயர் சொல்ல வேண்டாம் என்ற அக்காவுக்கு நன்றி

பெயரை எங்கும் எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டீர்கள், அக்கா. எழுதவில்லை. நன்றியை மட்டும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியே ஆகவேண்டும்.

அப்பா மறைந்த பிறகு அவருடைய வீட்டை ஒழிக்கத் துணையாக வந்தீர்கள். உறவும் இல்லை, கூலியும் வாங்கவில்லை. பிரிக்காத பெட்டிகள், உறை கழற்றாத போர்வைகள், என்றாவது உதவும் என்று கட்டி வைத்த மூட்டைகள். எதையும் தூக்கி எறியச் சொல்லி நீங்கள் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொன்றையும் என் கையில் கொடுத்து, "இது உங்களிடம் இல்லாவிட்டால் தேடிப் போய் வாங்குவீர்களா?" என்று கேட்டீர்கள். பெரும்பாலான பொருள்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

தன்னுடையது என்பதாலேயே ஒரு பொருளைக் கூடுதலாக மதிப்பது மனித இயல்பு. பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் தாலர் 1980இல் இதை விளக்கிப் பெயரும் சூட்டினார். உங்கள் கேள்வி அந்த முடிச்சை நேராகத் தொட்டது.

அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. பழைய தாள்களோடு போயிருக்க வேண்டிய அப்பாவின் கடிதக் கட்டைப் பிரித்தெடுத்து, "இவற்றை ஆற அமரப் படியுங்கள்" என்றீர்கள். நெருக்கமான உறவுகளே மனிதரை நலமாக வைத்திருக்கின்றன என்கிறது, 1938இல் ஹார்வர்டில் தொடங்கி இன்றும் தொடரும் ஆய்வு. அப்பா சேர்த்தவற்றில் நான் விட்டுக்கொடுக்க முடியாதவை அந்தக் கடிதங்கள்தாம்.

போர்வைகளைத் தேவைப்பட்டவர்களிடம் சேர்த்ததும் நீங்களே. இன்னும் ஓர் அலமாரி மீதமிருக்கிறது. அடுத்த மாதம் தம்பியும் நானும் ஒழிக்கிறோம். நேரமிருந்தால் வாருங்கள், அக்கா.