அது பெயிண்ட் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாரிஸ் மியூசியம் திருட்டு பத்தி போன இதழ்ல வந்த கட்டுரையில "பெயிண்ட் அடித்த தங்க மூக்குப்பொடி டப்பா"ன்னு ஒரு படத்துக்குக் கீழ போட்டிருந்தீங்க, அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறலை. 2024 நவம்பர்ல கொன்யாக்-ஜே மியூசியத்துல பட்டப்பகல்ல கோடாலியால கண்ணாடியை உடைச்சு ஏழு டப்பாவை அள்ளிட்டுப் போனாங்க, அதெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா அந்தப் படத்துல இருக்கறது எனாமல். உங்களுக்குத் தெரியாம இருக்காது, அதனாலதான் வருத்தமே.

நான் கோயமுத்தூர்ல நகைப் பட்டறையில பதினெட்டு வருஷம் எனாமல் வேலை பாத்தவன். கலர் கண்ணாடியைப் பொடியா அரைச்சு, தண்ணி தெளியற வரைக்கும் அலசி, தங்கத்து மேல பரப்பி 800 டிகிரி பக்கம் உலையில வைக்கணும், ஒவ்வொரு கலருக்கும் தனிச் சூடு, பின்பக்கமும் ஒரு பூச்சு கொடுக்கலைன்னா தகடு வளைஞ்சு முன்னால இருக்கற கண்ணாடி தெறிச்சுடும். ஒருதடவை மயில் பெண்டன்ட், நாலாவது சூட்டுல எடுத்துப் பாத்தா கழுத்து நீலத்துல கடுகளவு குமிழி. மொத்தத்தையும் சுரண்டி எடுத்துட்டு மறுபடி முதல்ல இருந்து செஞ்சேன். கடைக்காரர் லேட்டுன்னு சொல்லி கூலியில பாதியைப் புடிச்சுக்கிட்டார். இது ஒத்தைப் பெண்டன்ட்டுக்கு. 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ்காரங்க உள்ளங்கை அளவு டப்பாவுல மூடி, அடி, நாலு பக்கம்னு எல்லாத்துலயும் முதல்ல தங்கத்துல கோடு கோடா செதுக்கி, அது உள்ள இருந்து மின்னற மாதிரி மேல எனாமல் ஏத்தினாங்க. கடைசிச் சூட்டுல ஒண்ணு போனா அத்தனை நாள் வேலையும் போச்சு. இதைப் போய் பெயிண்ட்டுன்னா எப்படிங்க?

அடுத்து, "பாரிஸ் வியாபாரிகள் உருவாக்கிய"ன்னு வேற எழுதியிருக்கீங்க. லாசார் துவோ மாதிரி வியாபாரிங்க செய்யலைங்க, வித்தாங்க. அவரோட 1748ல இருந்து 1758 வரைக்குமான கணக்குப் புத்தகம் இன்னிக்கும் இருக்கு, பிரெஞ்சு ராஜா பதினஞ்சாம் லூயியோட காதலி பொம்பதூர் சீமாட்டி வாங்கினதெல்லாம் அதுல வரிசையா வருது. இவங்களைப் பத்தி அந்தக் காலத்து பிரெஞ்சுக் கலைக்களஞ்சியமே "எல்லாத்தையும் விக்கிறவங்க, எதையும் செய்யாதவங்க"ன்னு எழுதி வச்சிருக்கு. செஞ்சவங்க ழான் துக்ரோலே மாதிரி பத்தருங்க. டப்பாவுக்குள்ள பாத்தா கிரீடம், லில்லிப்பூ, ரெண்டு சின்னப் புள்ளி, அவரவர் பேரோட முதலெழுத்துன்னு முத்திரை அடிச்சிருக்கும். அது அங்க சட்டம். எனாமல்காரர் பேருதான் பல டப்பாவுல இல்லாமலே போயிடுச்சு.

போன வருஷம் கோயில் நகை ஸ்பெஷல்லயும் நீங்க இதையேதான் செஞ்சீங்க, பக்கம் பக்கமா கடை பேரு, செஞ்ச ஆசாரி பேரு ஒண்ணுகூட இல்லை. அப்பவும் எழுதினேன், பிரசுரம் ஆகலை. இருவத்திரண்டு வருஷமா காசு கொடுத்து வாங்கறவன்ங்க நான்.

"உருக்கினால் சில பவுன்தான் தேறும்"னு முடிச்சிருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கலை. இந்த டப்பாங்களுக்கு வந்த பெரிய கேடே உருக்கினதுதான். ஃபேஷன் மாறினா உருக்கினாங்க, பிரெஞ்சுப் புரட்சி வந்தப்ப காசுக்காக உருக்கினாங்க. உருக்கினா தங்கம் திரும்பக் கிடைக்கும், எனாமல் கிடைக்குமா? எங்க அம்மாவோட எனாமல் ஜிமிக்கியை மாத்தப் போனப்ப, எங்க ஊர் கடையில கண்ணு முன்னாடியே அந்தப் பச்சையைக் கொறடால நொறுக்கிக் குப்பையில தட்டிட்டு மிச்சத்தைத் தராசுல வச்சாங்க. எங்க அப்பா கையால வச்ச பச்சைங்க அது.

அடுத்த இதழ்ல ரெண்டே வரி போடுங்க, அது பெயிண்ட் இல்லை எனாமல்னு. படத்துல இருக்கற டப்பாவைச் செஞ்ச பத்தர் பேரு மியூசியம் குறிப்புல இருக்கும், அதையும் சேத்துப் போட்டா நல்லாயிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பழைய எனாமல் தொழிலாளி,
கோவை.