சந்தாவை வாங்கினோம், கேள்வியை விட்டுவிட்டோம்

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளின் மூப்பர்களுக்கும் சபைக் குழு உறுப்பினர்களுக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

ஆயர்களுக்கு இதை எழுதவில்லை. பாவம், அவர்களை வாரந்தோறும் யாராவது எடைபோட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். பெரும்பாலும் அந்தத் தராசு நம் கையில்தான் இருக்கும். நம்மை எடைபோடத்தான் ஆள் இல்லை. நானும் 26 ஆண்டுகள் சபைக் குழுவில் இருந்தவன். அதில் 11 ஆண்டுகள் பொருளாளர். எனவே இது வெளியிலிருந்து எறியப்படும் கல் இல்லை.

போன டிசம்பரில் ஈசூனில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். முடிவு ஜெபம் வழக்கம்போல் என்னிடம் வந்தது. "கண்மணியைப்போலக் காத்து, செட்டைகளின் நிழலிலே மறைத்து, இம்மட்டும் நடத்திவந்த தகப்பனே" என்று ஆரம்பித்தேன். நடுவில் ஏதோ சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்துவிட்டேன். எதிரே தரையில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுப் பேத்தியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. என்னோடு சேர்ந்து அல்ல, எனக்கு ஒரு சொல் முன்னதாக. நான் "இல்லாதவர்களின்" என்று இழுப்பதற்குள் அவள் "குறைவுகளை நிறைவாக்கி" என்று முடித்துவிட்டாள். "நோயாளிகளைத் தொட்டு" என்பதற்கு முன்னால் நான் தொண்டையைச் செருமுவேன் போலிருக்கிறது. அந்தச் செருமலையும் எனக்கு முன்பே செருமினாள்.

கேலி செய்யவில்லை, அப்படிச் செய்கிற பிள்ளை அவள் இல்லை. தமிழ் வாய்மொழித் தேர்வு என்றால் இரண்டு வாக்கியத்துக்கே திணறுகிறவள், தாத்தாவின் ஜெபத்தை மட்டும் முழுவதுமாக நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறாள். அவ்வளவு தடவை கேட்டிருக்கிறாள்.

எழுதிவைத்த ஜெபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் எனக்குக் குறை இல்லை. பரமண்டல ஜெபத்தை நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். என்னைச் சுட்டது வேறு. நான் மனதிலிருந்து பேசுகிறேன் என்று இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஜெபத்தை நான் கோத்தது ஏறக்குறைய 1989இல், வாலிபர் சங்கச் செயலாளராக இருந்தபோது. அதற்குப் பிறகு வேலை போனது, வந்தது. மனைவிக்கு இரண்டு அறுவை சிகிச்சை நடந்தது. அப்பாவின் வீட்டை விற்ற பணத்தில் என் தம்பியோடு தகராறு வந்து, பேச்சு நின்று 14 வருடம் ஆகிறது. இவற்றில் ஒன்றாவது அந்த ஜெபத்துக்குள் நுழையவில்லை. ஆயிரம் கூட்டங்களில் கண்ணை மூடி நின்றிருக்கிறேன், தம்பியின் பெயர் ஒரு முறைகூட வாயில் வரவில்லை.

இந்த நாட்டில் யாரும் அரைகுறையாகக் கற்று நிறுத்திக்கொள்ள முடியாது. 25 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்று, புதுத் திறன் கற்கும் வகுப்புகளுக்காக முதலில் 500 வெள்ளி கொடுத்தார்கள். 2024இல் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி போட்டார்கள். நானே என் 63ஆவது வயதில் அந்தப் பணத்தில் கணினி வகுப்புக்குப் போய், என்னைவிட 35 வயது இளைய பெண்ணிடம் "தெரியவில்லை, இன்னொரு முறை காட்டுங்கள் அம்மா" என்று கேட்டிருக்கிறேன். வெட்கமாக இல்லை. அதே நான், சபையில் ஒருவரிடம் "எனக்கு இந்த வசனம் புரியவில்லை" என்று கடைசியாக எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் திடப்படுத்தல் ஆராதனையில் வெள்ளைச் சட்டை போட்டு நின்ற அன்றோடு நம் படிப்பு முடிந்துவிடுகிறது. அப்புறம் எல்லோரும் வாத்தியார்கள்தான்.

நம்மில் மெதடிஸ்ட் சபைக்காரர்கள் மே 24ஐ மறப்பதில்லை. 1738ஆம் ஆண்டு அந்த நாளில், லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் இருதயம் அனல் கொண்ட கதையை நானே எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அதற்கு ஏழு மாதம் கழித்து, 1739 ஜனவரி 4 அன்று, அதே மனிதர் தன் நாட்குறிப்பில் 'நான் இப்போது ஒரு கிறிஸ்தவன் அல்ல' என்ற கருத்துப்பட எழுதியிருக்கிறார். அதை நாம் பேசுவதில்லை. தேவன்மேல் உள்ள அன்பும் சமாதானமும் தன்னிடம் இல்லை என்று அவர் தன்னையே குறுக்கு விசாரணை செய்துகொள்கிறார். அனல் கொண்ட இருதயத்தை ஏழே மாதத்தில் அவரே சந்தேகிக்கிறார் என்றால் கூட்டத்தில் அல்லேலூயா சொல்ல வழியில்லை. அதனால் விட்டுவிட்டோம். எனக்கோ இந்த வயதில் மே 24ஐவிட ஜனவரி 4தான் நெருக்கமாக இருக்கிறது.

நம் சாட்சி நேரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே பாவத்துக்கு இறந்தகாலம் மட்டுமே உண்டு. "குடித்தேன், கோபப்பட்டேன், கர்த்தர் என்னைத் தொட்டார்." நிகழ்காலத்தில் யாரும் பாவம் செய்வதில்லை. பிறன் மனைவியை அபகரித்திருந்த தாவீது ராஜா, ஒரு பணக்காரனின் அநியாயத்தைக் கதையாகக் கேட்டுக் கொதித்தெழுந்தபோது, தீர்க்கதரிசி நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்றான். அந்த வாக்கியத்தில் இறந்தகாலம் இல்லை. வருடப் பிறப்பு இரவில் நாம் கூடையிலிருந்து எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் இந்த வசனத்தை அச்சடித்து வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. யாராவது என்னிடம் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

ஒரு பொருளாளராக எனக்கு மிகவும் பிடித்த கதை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்தது. அங்கே மெதடிஸ்டுகள் கட்டிய கூடத்துக்குக் கடன். 1742 பிப்ரவரி 15 அன்று கூடிப் பேசினார்கள். எல்லோரும் வாரம் ஒரு பென்னி, அதாவது ஒரு சில்லறைக் காசு, கொடுக்கலாம் என்றார் ஒருவர். பலர் ஏழைகள், எப்படிக் கொடுப்பார்கள் என்றார் இன்னொருவர். 'ஏழைகளிலும் ஏழைகளாகப் பதினோரு பேரை என்னிடம் விடுங்கள். நான் வாரந்தோறும் போய்ப் பார்க்கிறேன். அவர்களால் முடியாவிட்டால் நானே போட்டுக் கொடுக்கிறேன்' என்று முதலாமவர் பொறுப்பேற்றார். மற்றவர்களும் அப்படியே பிரித்துக்கொண்டார்கள். பென்னி வாங்க வீடுவீடாகப் போனவர்களுக்குத்தான் அந்தக் குடும்பங்களின் உண்மை நிலை தெரிய ஆரம்பித்தது. யார் எப்படி வாழ்கிறார், எங்கே சறுக்கியிருக்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். கடன் வசூல், வாரம் ஒருமுறை 'உன் ஆத்துமா எப்படி இருக்கிறது?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் வகுப்புக் கூட்டமாக மாறியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசாரித்துவிட்டுத்தான் உறுப்பினர் என்பதற்கான டிக்கெட்டைக் கொடுத்தார்கள்.

அந்த வழியில்தான் 1885இல் மெதடிஸ்ட் சபை சிங்கப்பூருக்கு வந்தது. அதை இங்கே நடத்திய வில்லியம் ஓல்டாம் பெங்களூரில் பிறந்தவர், நில அளவையாளராக வேலை பார்த்தவர். அவர்கள் கொண்டுவந்ததில் நம் கையில் இன்று என்ன மிஞ்சியிருக்கிறது? பென்னி இருக்கிறது. மாதச் சந்தா உறை, எண் போட்டு, பெயர் போட்டு, ஒரு காசு பிசகாமல் வந்துசேர்கிறது. 11 வருடம் நான் வைத்த கணக்கில் தணிக்கையாளர்கள் ஒரு வெள்ளிகூடக் குறை கண்டதில்லை. சந்தா மூன்று மாதம் வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுவேன். கூப்பிட்ட ஒருவரிடமாவது, ஐயா, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று முதலில் கேட்டேனா? இல்லை. "உங்கள் உறை வரவில்லையே" என்றுதான் ஆரம்பிப்பேன்.

இனி எழுதப்போவதை எழுத மூன்று வாரம் தயங்கினேன்.

வெஸ்லி 1755இல் லண்டனில் முதன்முதலாக, தேவனுக்குத் தம்மை மறுபடியும் ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனையை நடத்தினார். நாமும் வருடத்தின் முதல் ஞாயிறு அதை நடத்துகிறோம். 'உமக்காக என்னை வேலையில் அமர்த்தும், அல்லது உமக்காக என்னை ஒதுக்கி வையும்' என்ற பொருளில் அதில் ஒரு ஜெபம் உண்டு. 30 வருடத்துக்கு மேல் உரக்கச் சொல்லியிருக்கிறேன். 2022இல் வருடாந்திரக் கூட்டத்தில் தேர்தல் நடந்தது. என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆள் மாறட்டும் என்று சபையார் நினைத்தார்கள், அவ்வளவுதான். நான் கேட்டதுதான் நடந்திருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று ஞாயிறு கோயிலுக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று மனைவியிடம் சொன்னேன். முதல் ஞாயிறே அவள் நம்பவில்லை.

நான்காம் ஞாயிறு போனேன். என் பழைய இடமான இரண்டாம் வரிசையில் உட்காரப் பிடிக்கவில்லை, கடைசி வரிசைக்குப் போய்விட்டேன். அங்கேதான் தொழிலாளர் தங்கும் விடுதியிலிருந்து வரும் இளைஞர்கள் உட்காருவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பஸ் மாறி வருவதால் முதல் பாட்டு முடிந்த பிறகுதான் வந்து சேருகிறார்கள். ஆராதனைத் தாள் அவர்கள்வரை வரவில்லை, தீர்ந்துபோயிருந்தது. பக்கத்தில் இருந்தவர் தூத்துக்குடிப் பக்கம், கப்பல் பட்டறையில் வேலை. கையை விரித்துக் காட்டிச் சிரித்தார். "எப்பவும் இப்படித்தான், ஐயா. பாட்டெல்லாம் மனப்பாடம்தானே" என்றார்.

ஆராதனைத் தாள் 120 பிரதி போதும், வீணாகிறது என்று செலவைக் குறைத்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தக் கூட்டக் குறிப்பு இன்னும் சபை அலமாரியில் இருக்கும். அந்த ஆண்டு சிக்கனமாக நிர்வகித்ததற்காக எனக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள்.

என்னை ஒதுக்கி வைத்திருக்காவிட்டால் இது எனக்குத் தெரிந்திருக்காது. முன் வரிசையிலிருந்து பார்த்தால் சிலுவையும் பலிபீடமும் ஆயரும்தான் தெரியும், சபை தெரியாது.

கத்தோலிக்க நண்பர் ஒருவர் ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயத்துக்குப் போகிறவர். தேக்காவில் தேநீர் குடிக்கும்போது இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "எங்களுக்காவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. போகிறோமோ இல்லையோ, கதவு திறந்திருக்கிறது. நீங்கள் யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேட்டார். நேராகத் தேவனிடம் என்று நாம் எல்லோரும் சொல்லும் பதிலைச் சொன்னேன். "சரி, சொன்னீர்களா?" என்றார். தேநீர் ஆறிவிட்டது என்று பேச்சை மாற்றினேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று திருவிருந்துக்கு முன்னால் ஆயர் வாசிக்கிறார். வாசித்து முடித்த கையோடு கீபோர்டு தொடங்கிவிடுகிறது. நான் கைக்கடிகாரத்தில் பார்த்தேன், நான்கு நொடி. நான்கு நொடியில் சோதித்தறிய எங்களில் யாருக்குமே பாவம் அவ்வளவு குறைவா? இரண்டு நிமிடம் இசை வேண்டாம். குழந்தை அழட்டும், யாராவது இருமட்டும், பரவாயில்லை.

இன்னொன்று சபைக் குழுக்களுக்கு மட்டும். மாதக் கூட்டத்தில் நிதி, கட்டடம், ஒலிபெருக்கி, கிறிஸ்துமஸ் சாப்பாடு என்று மூன்று மணி நேரம் பேசுகிறோம். அதில் முதல் அரை மணி நேரத்தை அந்தப் பிரிஸ்டல் கேள்விக்குக் கொடுங்கள். சபையாரைக் கேட்பதற்கு முன்னால் நாம் நம்மைக் கேட்டுக்கொள்வோம். வாலிபர்களுக்கு முகாம் வைக்கிறோம், பெண்களுக்குக் கூட்டம் வைக்கிறோம். மூப்பர்கள் இன்னும் வளர வேண்டியிருக்கிறது என்று எந்தச் சபை நாட்காட்டியிலாவது எழுதியிருக்கிறதா? தான் இன்னும் முற்றும் தேறினவனாகவில்லை என்று பிலிப்பியருக்கு எழுதியபோது பவுல் கிழவர், அதுவும் காவலில் இருந்த கிழவர். நாம் அவரைவிடத் தேறிவிட்டோமா?

இதை மேடை நிகழ்ச்சியாக்கிவிடாதீர்கள் என்றும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மைக்கைக் கொடுத்து அழச் சொன்னால் நாம் நன்றாகவே அழுவோம். தாழ்மையிலும் முதல் பரிசு வாங்கப் பார்க்கிறவர்கள் நாம். இந்தக் கடிதத்தை எழுதும்போதுகூட, "ஐயா எவ்வளவு தாழ்மையாக எழுதியிருக்கிறார்" என்று யாராவது சொல்வார்களே என்ற நினைப்பு இரண்டு இடத்தில் எட்டிப்பார்த்தது. அந்த இரண்டு இடத்தையும் அடித்துவிட்டேன். மூன்றாவதும் இருக்கலாம்.

ஜனவரியிலிருந்து நாங்கள் நான்கு பேர், எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், செவ்வாய்க்கிழமை காலை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடுகிறோம். வேதாகமம், ஒரு குடுவையில் காப்பி, அந்த ஒரே கேள்வி. வாரம் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். மற்ற மூவரும் புத்தி சொல்லக் கூடாது. அந்த இரண்டாவது விதியைத்தான் வாரந்தோறும் மீறுகிறோம். என் முறை வந்த இரண்டு தடவையும் முழங்காலைப் பற்றியும் பேத்தியைப் பற்றியும் பேசித் தப்பித்துவிட்டேன். போன வாரம் ஒருவர், "உங்களுக்கு ஒரு தம்பி உண்டு அல்லவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, காப்பியை ஊற்றப் போய்விட்டார்.

வருகிற செவ்வாய் மறுபடியும் என் முறை.

உங்கள் சகோதரன்,
ஒரு முன்னாள் பொருளாளர்
ஈசூன், சிங்கப்பூர்

பின்குறிப்பு: ஆராதனைத் தாளை 160 பிரதியாக உயர்த்தச் சொல்லி இப்போதைய பொருளாளருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். செலவு கட்டாது என்கிறார். நான் வைத்த கணக்கையே எடுத்துக் காட்டுகிறார்.